என் மசோதாவுக்கு நானே எதிர்ப்பு

லண்டன், சோஹோ
1706 பிப்ரவரி 21

என் அன்பு ஜூதித்துக்கு,

உன்னையும் மகள் மரியையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் சுகமாக வைத்திருக்க வேண்டிக்கொண்டு, உன் ஜெதெயோன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. அது வயதால் வந்த வலி அல்ல, பின்னால் சொல்கிறேன்.

மரியின் கல்யாணத்தைப் பற்றி நீ எழுதிய கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. யுத்தம் நடக்கிறது, கடிதங்கள் ராட்டர்டாம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துக் கடை ஆபேலுக்கு அவன் தங்கையிடமிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. அவளும் நம் மாரென் ஊரில்தானே இருக்கிறாள். கப்பல் அவனுக்கு மட்டும் ஓடுகிறது போலிருக்கிறது. மரிக்கு நான் அனுப்பிய லேஸ் துணியாவது வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று எனக்குத் தெரியாததால் வெள்ளையாகவே வாங்கினேன்.

பொய்முடி வியாபாரம் மோசமில்லை. இந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்குச் சொந்த முடிமேல் அப்படி என்ன கோபமோ, மழித்துவிட்டு என் கடைக்கு வந்து மற்றவன் முடியை வாங்கிப் போகிறார்கள். நிலக்கரிப் புகையில் அதுவும் பத்து நாளில் கறுத்துவிடுகிறது. திரும்பவும் என்னிடம்தான் வர வேண்டும். எனக்கென்ன கசக்கிறதா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். இன்று நான் சத்தியம் பண்ணிவிட்டேன், ஜூதித். இங்கிலாந்து அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரபுக்கள் சபையில் பைபிள்மேல் கை வைத்துச் சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. கோபப்படுவதானாலும் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு. "சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க. என்னைக்காவது நம்ம ராஜா மனசு மாறினா நீங்க வீடு திரும்ப வேண்டாமா?" என்று, பிரெஞ்சு ராஜா நம் புராட்டஸ்டன்ட் வழிபாட்டைத் தடை செய்து நான் இங்கே ஓடிவந்த முதல் வருஷம் நீதான் எழுதினாய். அந்த ஒரு வரிக்காக இருபது வருஷம் இந்த ஊரில் அந்நியனாகவே இருந்தேன். ஆபேல் கேலி செய்யாத நாள் கிடையாது. "உன் பெண்டாட்டி பேச்சுக்கு நீ பயப்படுற மாதிரி அந்த ராஜா போப்புக்குக்கூடப் பயப்பட்டதில்லடா" என்பான்.

இப்போது ஏன் என்று கேட்பாய். நான் கடை வைத்திருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரி விற்கப் போகிறாள். எனக்கே தருகிறேன் என்கிறாள். ஆனால் அந்நியன் இங்கே வீடு வாங்கினால் அது அவன் வீடு ஆகாது. அவன் கண்ணை மூடியதும் அரசிக்குப் போய்விடும். நாளைக்கு நீ இங்கே வந்து, நான் உனக்கு முன்னால் போய்விட்டால், உன்னைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள். இங்கிலீஷ்காரனாகிவிட்டால் அந்த வீடு எனக்குப் பின் உனக்கு. அதற்கு நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட வேண்டும். தனியாளாகக் கேட்டால் செலவு தாங்காது என்று எங்கள் கோயில் சபையில் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மசோதாவில் பெயர் கொடுத்தோம். ஆபேலும் அதில் ஒருவன்.

காலையிலேயே போய்ப் பிரபுக்கள் சபை வாசலில் நின்றோம். உள்ளே ஒரு பிஷப் ஜெபம் சொன்னார். பிறகு ஏதோ ஒரு சாலையைச் செப்பனிடுகிற மசோதா. அதன்பின் யாரோ ஒரு பிரபு கடனை அடைக்கத் தன் பரம்பரை நிலத்தை விற்க அனுமதி கேட்டிருந்தார், அதைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பேசுகிறவரைத் தவிர மற்றவர்கள் கணப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தேசத்தை ஆளுகிற இடம் என்று பயந்துகொண்டு போனவன், நம் ஊர் மீன் சந்தையில் விலை படியாத நேரம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

எங்களைக் கூப்பிட்டபோது பகல் சாய்ந்திருந்தது. வெளியார் நிற்பதற்கென்று சபையின் இந்தக் கோடியில் ஒரு மரத் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. கறுப்புக் கோலேந்திய அதிகாரி எங்களை அங்கே வரிசையாக நிறுத்தினார். சுவர் முழுக்கத் திரைச்சீலைகள். எப்போதோ இந்த ஊர்மேல் படையெடுத்து வந்த ஸ்பெயின்காரனுடைய கப்பல்கள் அதில் எரிகின்றன. கப்பலை நான் பார்க்கவில்லை. கடலைத்தான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், அலை கரைப்பக்கம் குறைந்து குறைந்து, நம் கரையில் நான் படகு ஏறிய அன்று இருந்த மாதிரியே நெய்திருக்கிறார்கள்.

எழுத்தர் எங்கள் பெயர்களைப் படித்தார். வெறும் பெயரை அல்ல. இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாருக்கும் இந்த ஊரில் பிறந்தவன் என்று முழுவதும் படிக்க வேண்டும், அது சட்டம். ஜாக் பெரினோவுக்கும் அவன் மனைவி சுசானுக்கும் மாரெனில் பிறந்த ஜெதெயோன் பெரினோ என்று அவர் வாயில் வந்தபோது, ஊர் பெயரும் அப்பா பெயரும் அடையாளமே தெரியவில்லை. அம்மா பெயர் மட்டும் ஒழுங்காக வந்தது. அம்மா செத்த செய்தியும் எனக்குக் கடிதத்தில்தான் வந்தது, உனக்கு நினைவிருக்கும்.  பிறகு சத்தியம் பண்ணினோம். பைபிளை முத்தமிட்டோம். அதோடு எங்களை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கோல்காரரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் அங்கேயே நின்றோம்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. அது தெரியாவிட்டால் என் கூத்து உனக்கு விளங்காது. மசோதாவை ஏற்கிறவர்கள் "கன்டென்ட்" என்று சொல்ல வேண்டும். ஏற்காதவர்கள் "நாட் கன்டென்ட்" என்று சொல்ல வேண்டும். எழுத்தில் பார்த்தால் அது நம் பிரெஞ்சு "கோந்தான்" தான். மனசு நிறைந்திருக்கிறது, சந்தோஷம் என்று நாம் சொல்வதை இவர்கள் ஓட்டுப் போடுவதற்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்கு முன்பே தெரியும். ஆபேல் வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தான்.

சிவப்புக் கம்பளி மெத்தைமேல் உட்கார்ந்திருந்த சபைத் தலைவர் கேட்டார். அங்கங்கே நாலைந்து பிரபுக்கள், கணப்புப் பக்கம் இருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல், கன்டென்ட், கன்டென்ட் என்றார்கள். யாரோ அவர்களை வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்த மாதிரி. தலைவர் எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார். சபையில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் அவர் கேள்வி என் காதில் நம் பாஷையில்தான் விழுந்தது, ஜூதித். இங்கே மனசு நிறையாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று. இருபது வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"நோன், பா கோந்தான்", இல்லை, நிறையவில்லை என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் கணப்புப் பக்கம் நின்றவர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது.

சபைத் தலைவர் முதலில் பிரபுக்களின் பெஞ்சுகளைத்தான் பார்த்தார். எந்தப் பிரபு எதிர்த்தார் என்று தேடுகிறார். பிறகு பொய்முடிகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின. அதில் இரண்டு நான் செய்தவை.  வெளியாள் ஒருவன் பிரபுக்கள் சபையில் குரல் கொடுப்பது பெரிய குற்றமாம். அதுவும் நான் கொடுத்தது எனக்காகவே போட்ட மசோதாவுக்கு எதிரான குரல். கறுப்புக் கோல்காரர் ஓடி வந்து எங்கள் பத்துப் பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

வாசலில் ஆபேல் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "பத்துப் பேர் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடா பாவி. அத்தனை பிரபு இருக்கான், ஒருத்தன்கூட வேண்டாங்கல. நீ சொல்லிட்ட" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கு நாலு பிள்ளைகள்.  மற்றவர்கள் பேயறைந்த மாதிரி கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மசோதா விழுந்தால் எல்லோருடையதும் விழும். நான் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். தடுப்புக்கு முன்னால் முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். குற்றம் செய்தவன் அப்படித்தான் நிற்க வேண்டும். கல் தரை. கனத்த உடம்புக்காரப் பிரபு ஒருவர் எழுந்து, இவனே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் திணிக்க வேண்டும், யுத்த காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஒருவன் குறைந்தால் நல்லதுதானே, இவன் பெயரை அடித்துவிடுவோம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். வீடு போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது வெக்ஸ்காம்பு பிரபு எழுந்தார். என் வாடிக்கைக்காரர், வயதானவர், இளமையில் பாரிஸில் இருந்தவர். இவனிடம் என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே என்று அனுமதி வாங்கிக்கொண்டு, தடுப்பு வரை நடந்து வந்து, நம் பாஷையிலேயே கேட்டார்.

"எதுலப்பா உமக்கு மனசு நிறையல? பயப்படாம சொல்லும்."

ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். பாஷை புரியவில்லை, வாய் குழறிவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். வாயில் வரவில்லை.

"என் சம்சாரம் அங்க இருக்கா, பிரபுவே. நீங்க முன்னால போங்க, நான் பின்னாலேயே வந்துடறேன்னு கரையில நின்னு சொன்னா. நான் திரும்பிப் போற வழியை இன்னிக்கு நானே அடைச்சுட்டேன். இனி அவ வந்தாத்தான் உண்டு."

அவர் திரும்பித் தன் இடத்துக்குப் போனார். பிறகு சபையைப் பார்த்து, இவன் மனைவி பக்கத்தில் இல்லாததால்தான் இவனுக்குத் திருப்தி இல்லையாம் என்று இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னார். ஒரு பிஷப், "இந்தச் சபையில பாதிப் பேருக்கு அதுதானே திருப்தியே" என்றார். சபை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கனத்த பிரபுகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்து வைத்தேன். முழங்காலில் நின்றபடி வேறென்ன செய்வது? சபைத் தலைவர் மட்டும் சிரிக்காமல் என்னைக் கண்டித்துப் பேசினார், பாதி புரிந்தது. பிறகு எழுந்து போகச் சொன்னார். தலை தப்பியது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் கேட்டார்களாம், ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தேறிவிட்டது. என் பெயரும் அதில் இருக்கிறது.

வெளியே வரும்போது வெக்ஸ்காம்பு பிரபு என்னைப் பார்த்து நின்றார். மனைவி கடைசியாக எப்போது எழுதினாள் என்று விசாரித்தார். போன மாதம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மற்ற ஒன்பது பேரும் கொண்டாட மதுக்கடைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் ஆற்றோரமாக நடந்து வீட்டுக்கு வந்து, ரொட்டியும் இந்த ஊர் வெண்ணெயும் சாப்பிட்டேன். வெண்ணெய் என்று பெயர்தான். நம் ஊரில் இதைச் சக்கரத்துக்குத் தடவினால்கூட வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் உன்னிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பிஷப் சொன்னதைச் சொன்ன இடத்தில் நீ சிரித்திருப்பாய்.

மார்ச் 20

காற்று எதிராக அடிப்பதால் ராட்டர்டாம் கப்பல் இன்னும் கிளம்பவில்லை. கடிதம் என்னிடமே இருப்பதால் தொடர்ந்து எழுதுகிறேன்.

நேற்று அரசி வந்து மசோதாக்களுக்குச் சம்மதம் கொடுத்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால், வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். கறுப்புக் கோல்காரர் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு முறைத்தார். ஒரு எழுத்தர் மசோதாவின் பெயரைப் படிக்கிறார். இன்னொரு எழுத்தர் அரசியை வணங்கிவிட்டு அவர் பதிலைச் சொல்கிறார். அந்தப் பதில் இங்கிலீஷில் இல்லை, ஜூதித். நம் பாஷையில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ நம் நார்மாந்திக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்தபோது விட்டுப்போன வழக்கமாம், இன்னும் விடவில்லை. எங்கள் மசோதாவின் பெயரைப் படித்ததும் அந்த மனிதர், வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி, "விரும்பியபடியே ஆகட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து நான் பிரெஞ்சுக்காரன் இல்லை. அதைச் சொன்னது மட்டும் பிரெஞ்சில். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாததால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

ஆபேல் சமாதானமாகி நேற்று கடைக்கு வந்தான். வந்தவன் அவன் தங்கை எழுதியதைச் சொன்னான். நம் உப்பளத்தை இப்போது எத்தியேன்தான் பார்த்துக்கொள்கிறானாம், சாயங்காலச் சாப்பாடும் நம் வீட்டில்தானாம். சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எத்தியேன் நல்லவன் என்று சொன்னேன். நல்லவன்தான். என் சித்தப்பா மகனைப் பற்றி எனக்குத் தெரியாதா? உப்பு வேலையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் வரும். சூப்பைச் சூடாகக் கொடு.

வீட்டுப் பத்திரம் அடுத்த வாரம் எழுதுகிறோம். மாடியில் தெருவைப் பார்த்த அறை நல்ல வெளிச்சம். அதைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆபேல் வாடகைக்கு விடச் சொல்கிறான், நான் கேட்பதாக இல்லை. யுத்தத்தில் வருவது கஷ்டம், தெரியும். ஒரு வார்த்தை எழுது. நான் ராட்டர்டாமுக்கே வந்து துறைமுகத்தில் நிற்கிறேன். மரியும் கல்யாணமாகிப் போய்விட்டாள். இனி உன்னைப் பிடித்து வைக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உங்கள் நாட்டுச் சட்டப்படி ஓடிப்போனவன் செத்தவனுக்குச் சமம். பார், உங்கள் நாடு என்று எழுதிவிட்டேன். ஆனால் பாதிரியாருக்கு அந்தச் சாவு போதாது. நிஜமாகவே செத்தான் என்று தெரிந்தால்தான் ஒரு பெண்ணை விதவை என்று ஒப்புக்கொண்டு மறுபடி கல்யாணம் செய்து வைப்பார். அதனால் ஒன்று சொல்கிறேன். உனக்கு வர மனமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. ராட்டர்டாமிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று சொல். லண்டனில் காய்ச்சல் வந்து போய்விட்டாராம் என்று சொல். ஆபேலிடமும் பேசிவிட்டேன், யாராவது விசாரித்து எழுதினால் அவனும் அப்படியே பதில் எழுதுவான். இந்த முறை நான் குறுக்கே பேச மாட்டேன், ஜூதித்.

கர்த்தர் உன்னை எந்த வீட்டில் வைத்தாலும் சந்தோஷமாக வைக்கட்டும். நீ விரும்பியபடியே ஆகட்டும்.

உன்
ஜெதெயோன்